ரவுட்டருக்கு ஊர் விசாரித்த கதை

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் வீடுகளுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் சின்னக் கொம்பனி ஒன்றில் வேலை செய்தேன். எல்லா இணைப்புகளும் வந்து சேருகிற பெரிய ரவுட்டர் பழசாகிவிட்டதால் புதியது வாங்க வேண்டியிருந்தது. எதை வாங்கலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை முதலாளி என்னிடம் தந்தார். சேர்ந்த நாளிலிருந்து அங்கே என் சொல்லுக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. விடுவேனா?

இரண்டு கொம்பனிகள் பரீட்சித்துப் பார்க்கப் பெட்டி அனுப்பின. ஒரு மாதம் இரண்டையும் நான் படுத்தாத பாடில்லை. வேண்டுமென்றே வயரைப் பிடுங்குவேன், கரண்டை நிறுத்துவேன். முதலாவது பெட்டி உடனே சுதாரித்துக்கொள்ளும். இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி, ஆறுதலாகத்தான் எழும்பும். முதலாவதுதான் வேண்டும் என்று நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதிக் கொடுத்தேன்.

முதலாளி அதை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கொம்பனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளையும் கூப்பிட்டார். இருவரிடமும் ஒரே கேள்விதான்.

"தம்பி எவடம்?"

முதலாவது கொம்பனிக்காரர் கொழும்பு என்றார். அவருக்குத் தேத்தண்ணி மட்டும் கிடைத்தது. மற்றவர் எங்கள் பக்கத்துக் கரவெட்டி என்றதும் முதலாளி கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். எந்தக் கோயிலடி, தகப்பனுக்கு என்ன வேலை, தாய் எந்தப் பகுதி என்று விசாரணை முடிந்தபோது ரவுட்டரும் முடிவாகியிருந்தது.

"ஐயா, நாங்கள் பெட்டிதானே எடுக்கிறம், மாப்பிளை இல்லையே?" என்றேன்.

"பழுதானால் ஆரின்ரை வீட்டு வாசலிலை போய் நிக்கிறது, பிள்ளை?"

எனக்கு வந்த கோபத்தில் ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு காலை அந்தப் பெட்டி ஒரேயடியாகப் படுத்துவிட்டது. விற்ற கொம்பனிக்கு போன் எடுத்தால், மாற்றுப் பெட்டி வர இரண்டு கிழமை செல்லும் என்றார்கள். வாடிக்கையாளர்களோ போனில் கிழித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளி பதறவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு நேரே கரவெட்டிக்கு வான் வண்டியை விட்டார்.

அந்தப் பிரதிநிதியின் அம்மா எங்களை இருத்தினார்.

"உவன் போன மாசம் வேறை கொம்பனிக்கு மாறிட்டானே!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் அம்மா மகனை விடவில்லை. உடனே போன் எடுத்தார்.

"நீ வித்த சாமான் பழுதாம். மனிசர் வாசலிலை வந்து நிக்கினம். எனக்கு வெக்கமாக் கிடக்கு. இண்டைக்கே போய்ச் செய்து குடு."

பின்னேரம் அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் புதுக் கொம்பனியின் பெட்டி. பார்த்தால், நான் நாற்பது பக்கம் எழுதிக் கேட்ட அதே பெட்டி!

பூட்டினோம். ஒரு நிமிசத்தில் எல்லா இணைப்பும் வந்துவிட்டது. முதலாளி வாய் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனியாவது இங்கே என் சொல் எடுபடும் என்று நினைத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏன் பிள்ளை, இப்பிடி ஒரு நல்ல சாமான் இருக்கெண்டு நீ எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே?"