ஒரு பச்சைக் குழந்தையின் ரத்தம்

என் மனைவி தோணிரேவுப் பக்கம் பழவேற்காடு ஏரியில் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் காலை முழுக்கக் கிடப்பாள். நான் பழவேற்காட்டுக்கும் பொன்னேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஒரு கோடையில் அவளுக்கு ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்தது. நண்டு கிழித்த காயம் ஆறவே இல்லை. கரை ஏறினால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். பொன்னேரியில் ரத்தம் சோதித்தவர்கள் அன்றைக்கே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். ரத்தப் புற்றுநோய்.

மருந்து ஏற்றினார்கள். அடங்கிற்று. சில மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடி ஏற்றி அடக்கிய பிறகு டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு, இனி மருந்து மட்டும் போதாது, புது ரத்தம் ஊறவைக்க வேறொருவரின் ஸ்டெம் செல் வேண்டும் என்றார். அவளுடைய தம்பியைச் சோதித்தார்கள், சேரவில்லை. எங்கள் மகள் ரொம்பச் சின்னவள். கொடுக்கப் பெயர் பதிந்துவைத்த முன்பின் தெரியாதவர்களிலும் தேடிப் பார்த்தார்கள், ஒருவரும் கிடைக்கவில்லை. கடைசியில், எங்கோ பிறந்த ஒரு குழந்தையின் தொப்புள்கொடி ரத்தம், உறையவைத்துப் பாதுகாத்தது, ஓரளவு பொருந்தி வந்தது.

இதை வீட்டில் சொன்னேன். மறுநாள் என் மாமியாரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்தார். என் மகளின் அரைஞாணில் கிடந்த தாயத்தை அவிழ்த்து மடியில் முடிந்து எடுத்து வந்திருந்தார். டாக்டரம்மாவின் மேஜையில் அதை வைத்து, "எம் பேத்தி கொடி இதுலதான் கீது. அவ அம்மாவுக்கு இத்தப் போடுங்கம்மா" என்றார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பிறந்த உடனே எடுத்து உறையவைத்தால்தான் அதில் உயிர் இருக்கும், இது காய்ந்துவிட்டது என்று பொறுமையாகச் சொன்னார். மாமியார் தாயத்தைத் திரும்ப முடிந்துகொண்டார்.

கிடைத்த ரத்தத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. கொடியில் வருவது ஒரு டம்ளர்கூட இருக்காது. குழந்தை உடம்புக்கு அது போதும், வளர்ந்த பெண்ணுக்குப் பற்றாது. மெதுவாகத்தான் பிடிக்கும், அதற்குள் காய்ச்சல் வந்து ஆளைக் கொண்டுபோய்விடும். அதனால் அதில் ஒரு பங்கைப் பிரித்து லேபில் சத்துத் தண்ணீரில் வைத்துச் சில வாரம் பெருக்கி, மீதிப் பங்கோடு சேர்த்து ஏற்றுகிறோம் என்றார்கள். ஆராய்ச்சியாகச் சிலருக்குத்தான் செய்திருக்கிறார்களாம். உறுதி எதுவும் தரமுடியாது என்பதையும் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரங்களில் நான் செய்ததெல்லாம் காத்திருந்ததுதான். காலையில் வண்டி ஓட்டுவேன், பிறகு ரயிலேறிப் போய் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். செல் பெருகியது, ஆனால் எதிர்பார்த்த அளவு இல்லை என்று ஒருநாள் தகவல் வந்தது. இவ்வளவோடு ஏற்றலாம், இல்லையென்றால் வேறு வழி தேடலாம், அதற்குள் நோய் திரும்பினாலும் திரும்பும் என்றார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அவளிடம் போய்ச் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"எனுக்கு அலுப்பா கீதுய்யா," என்றாள். "இருக்கறத ஏத்திடச் சொல்லு."

முதலில் அவளுடைய பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்தார்கள். அப்புறம் ஏற்றினார்கள். பார்ப்பதற்குச் சின்னச் சின்னப் பைகள். உறையவைத்த பையை ஏற்றும்போது அறை முழுக்கப் பூண்டு வாடை. அது கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்த்த மருந்தின் வாடை என்று நர்ஸ் சொன்னார்.

பிறகு அவளுக்கு வாயெல்லாம் புண், எச்சில்கூட விழுங்க முடியவில்லை. முகத்தை மூடிக்கொண்டு, கையைக் கழுவிக் கழுவி உள்ளே போவேன். அவள் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொள்வாள். வெள்ளணு சைபர் என்று தினமும் சொன்னார்கள்.

பக்கத்து அறையில் நெல்லூர்க்காரர் ஒருவர். அவருக்கும் கொடி ரத்தம்தான், ஆனால் பெருக்காமல் அப்படியே ஏற்றியது. எங்களுக்கு முன்பே ஏற்றியும் அவருக்கு இன்னும் வெள்ளணு வரவில்லை. அவர் மனைவி நாற்காலியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் கொண்டுபோன சோற்றில் அந்த அம்மாவும், அவர் கொண்டுவந்த ஊறுகாயில் நானும் பங்கு.

ஒரு காலை டாக்டரம்மா வந்து, உங்கள் மனைவிக்குப் புது ரத்தம் பிடித்து வெள்ளணு ஏற ஆரம்பித்துவிட்டது, நாங்கள் நினைத்ததைவிட முன்னாலேயே என்றார். பக்கத்தில் நெல்லூர்க்காரரின் மனைவி கேட்டுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு வந்துட்டுதா அண்ணா?" என்றார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனார். அடுத்த வாரம் நுரையீரலில் கிருமி பரவி அவர் கணவர் இறந்துபோனார். பெருக்கி ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். ஒருவர் பிழைத்ததையும் ஒருவர் போனதையும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார். அவரும் நின்றபடியே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவளுடைய ரத்த வகையே அந்தக் குழந்தையின் வகையாக மாறிவிட்டது. ஏரியில் இறங்கக் கூடாது, பச்சை மீனைத் தொடக் கூடாது, கூட்டத்தில் நிற்கக் கூடாது. அவளோடு இறால் பிடித்தவர்கள் வாசலில் தள்ளி நின்று பேசிவிட்டுப் போவார்கள். தோலில் தடிப்பு வரும், போகும். உயிரோடிருக்கிறாள், அதற்குமேல் கேட்க எங்கள் இருவருக்குமே தெம்பில்லை.

போன மாதம் பரிசோதனை முடிந்து திரும்பும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். நானும் தூங்கிப்போனேன். பொன்னேரி தாண்டி கும்மிடிப்பூண்டியில்தான் விழித்தோம். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த வண்டி எப்போதென்று விசாரிக்க எழுந்தேன். அவள் பிளாட்பாரப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டாள்.

"ஒக்காருய்யா," என்றாள். "நல்லாத்தான் தூங்கினேன்."