நரி வீட்டுக்குப் போற பொண்ணு

அட ஆமா செல்வி, காக்கா தூக்குன வடையைச் சுட்ட பாட்டியோட குடும்பத்தையே பாத்துட்டேன்! சிவகாசிக்குப் போற பஸ்ஸு நாரணாபுரத்துல நிக்குது. அங்கன வடை போடுற அம்மா, "கதையில வர்ற பாட்டி எங்க பூட்டியாக்கும்"ங்குது. எதுத்த டீக்கடைக்காரரு, காக்காவை ஏமாத்துன நரி வம்சமாம்! அவரு மகனுக்கு இந்தம்மா மகளைக் கேக்காக.

"குடுக்க வேண்டியதுதான தாயி?"ங்கேன்.

"அன்னிக்குத் தின்ன வடையைத் தட்டுல வச்சுக் கொண்டாரட்டும் ஆத்தா."

அவரு வெறுந்தட்டோட நிக்காரு. "வடை இவுக கடையிலதான இருக்கு, எனக்கு விக்க மாட்டேங்காகளே!"

பொண்ணு முகம் வாடிக் கெடக்கு. எனக்குப் பொறுக்கல. ரெண்டு வடை வாங்கி, ஒண்ணைத் தின்னுட்டு ஒண்ணை அவரு தட்டுல வைக்கேன். அந்தம்மா சிரிச்சிருது. "சரி, உள்ள வாங்க சம்பந்தி!"

கலியாணத்துக்கு நீயும்... ஏத்தா, குளாயில தண்ணி வந்துருச்சு! கொடத்தை எடு, ஓடு!