ஜூராகான் போட்ட சிவப்புக் கொம்பு

எங்கள் ஜூராகானுக்குத் துருக்கி எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. ஆனாலும் எங்கள் ஊர் பிஷ்கெக்கில் உட்கார்ந்துகொண்டு பதினோரு வருடமாக, தான் தைத்த ஒவ்வொரு கவுனின் கழுத்திலும் 'துருக்கித் தயாரிப்பு' என்று லேபிள் வைத்தாள். அது இருந்தால்தான் ரஷ்யக்காரர்கள் வாங்குவார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல், கீழ்மடிப்புக்குள் எங்கள் ஊர்க் கம்பளங்களில் வருகிற மாதிரி சிவப்பு நூலில் குட்டியாக ஒரு ஆட்டுக்கடாக் கொம்பையும் போட்டுவிடுவாள். பக்கத்து மெஷின்காரியான எனக்கு மட்டும்தான் அது தெரியும்.

அந்தக் குளிர்காலம் ரஷ்யாவும் துருக்கியும் முறைத்துக்கொண்டன; துருக்கிச் சரக்கு எதுவும் உள்ளே வரக் கூடாது என்று ரஷ்யா தடை போட்டது. மாட்டியது நாங்கள். ஜூராகான் முதன்முதலாகச் சொந்தப் பொறுப்பில் தைத்த எண்ணூறு கவுன்களோடு எங்கள் லாரி ரஷ்ய எல்லையில் நின்றது. புத்தாண்டுக்குள் சந்தைக்குப் போகாவிட்டால் மெஷின்களை விற்றுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

சுங்க அதிகாரி ஆர்க்காதி லேபிளைப் பார்த்ததுமே லாரியைத் திருப்பச் சொன்னார். இது துருக்கிச் சரக்கே இல்லை, நான் தைத்தது என்று இவள் மல்லுக்கு நின்றாள்.

"எழுதியிருக்கேம்மா. பொய்யாவா எழுதுவாங்க?"

"பொய்தான் சார். நான்தான் வச்சேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் ஒரு கவுனின் மடிப்பைப் பிரித்துக் கொம்பைக் காட்டினாள். அவர் நம்பாமல் இன்னும் பத்தை இழுத்துப் பார்த்தார். பத்திலும் கொம்பு. மனிதர் முகம் ஒரு மாதிரி ஆனது. போனை எடுத்து, பிறந்தநாளுக்கு வாங்கிய நீலக் கவுனின் மடிப்பைப் பார்க்கும்படி மனைவியிடம் சொன்னார். மனைவி ஒற்றைக்காலில் நின்று வாங்கிய அசல் துருக்கிக் கவுனாம் அது.

"செவப்பா கொம்பு மாதிரி என்னமோ இருக்கு. ஏங்க?" போனில் அந்த அம்மாள் கேட்டது எங்களுக்கே கேட்டது.

"ஒண்ணுமில்ல லரீசா. அழகா இருக்குன்னு சொன்னாங்க."

லேபிள்களையெல்லாம் பிரித்துவிட்டால் போகலாம் என்றார். வரிசையில் நின்ற லாரிக்காரர்கள்கூடப் பிளேடோடு வந்துவிட்டார்கள். எண்ணூறு துருக்கியும் பனியில் பறந்தது. பைத்தியம் பிடித்தவர்கள் மாதிரி சிரித்தோம்.

முத்திரையைக் கையில் எடுத்தவர், இனிமேல் உங்கள் ஊர் பெயரையே போடலாமே என்று கேட்டார்.

"போட்டா உங்க வீட்டம்மா வாங்குவாங்களா சார்?"

அவர் நிஜமாகவே யோசித்தார்.

"மாட்டா" என்றார்.

முத்திரை குத்திக் கொடுத்தார். எல்லை தாண்டியும் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடுவில் ஜூராகான் மட்டும் கொஞ்சம் அழுதாள்.