ஃபான் அக்கா மறைத்து வைத்த திறன்

சின்ச்சு நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் ஃபான் மெய்-ஹுய் இருபத்திரண்டு வருடமாக சர்வர்களைக் கட்டி மேய்க்கிறாள். காசு விஷயத்தில் தாராளம். சர்வர் விஷயத்தில் மகா கருமி. ஒரு சர்வருக்குள், நிஜக் கணினி போலவே நடிக்கும் இருபது மெய்நிகர் கணினிகளைக் குடிவைப்பாள். சர்வரின் மூளையான செயலியின் பாதித் திறனை அவற்றின் கண்ணில் காட்டவே மாட்டாள். "குடி வந்தவனுக்கு எதுக்கு பீரோ சாவி?" என்பாள்.

உடன் வேலை பார்க்கும் பெங்குக்கும் அதே கதிதான். நாற்பத்தொரு வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவளுக்கு இன்னும் "சின்ன பெங்". நான்கு வருடமாகியும் முதன்மைக் கடவுச்சொல்லை அவனிடம் சொல்லவில்லை. பார்க்கலாம், தொடக்கூடாது.

அன்று பத்து மணிக்கு நாற்பது மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவரும் தன் மெய்நிகர் கணினிக்குள் இன்னொன்றை ஓட்டிக் காட்ட வேண்டும். ஒன்பது மணி ஒத்திகையில் நாற்பது மெய்நிகர் கணினிகளும் கையை விரித்தன: "இந்தச் செயலிக்கு அந்தத் திறன் இல்லை." தேர்வு நின்றால் கல்லூரியின் அங்கீகாரமே போய்விடும். எல்லாம் தயார் என்று கையெழுத்துப் போட்டவள் ஃபான் அக்கா.

அக்கா நேரே போய் சர்வர் மேலிருந்த பச்சை நொறுக்குத்தீனிப் பொட்டலத்தைப் புரட்டினாள். அந்த ஊர் சர்வர் அறைகளில் அது ஒரு நம்பிக்கை: தேதி முடியாத பச்சைப் பொட்டலம் மேலே இருந்தால்தானே இயந்திரம் சொன்னபடி கேட்கும்? இதன் தேதி முந்தாநாளே முடிந்திருந்தது!

"அடப்பாவி! புதுசு வாங்கி வைன்னு சொன்னேனா இல்லையா?"

பெங் ஓடினான். முதல் கடையில் மஞ்சள் பொட்டலம்தான் இருந்தது. மஞ்சளை வைத்தால் உள்ளதும் போச்சு. அடுத்த தெருவுக்கு ஓடி, பச்சையோடு மூச்சிரைக்க வந்தான். வைத்தார்கள், கும்பிட்டார்கள். நாற்பதும் அதே பல்லவி. மணி ஒன்பதரை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. செயலியில அந்தத் திறன் இருக்கு. நீங்கதான் உள்ள இருக்கறதுங்களுக்குக் காட்டாம வெச்சிருக்கீங்க."

அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. அவளே போட்ட பூட்டு! திறப்பது சுலபம், ஆனால் நாற்பதையும் முழுக்க அணைத்து எழுப்பினால்தான் அவற்றுக்குத் திறன் தெரியும். தனி ஆளால் ஆகிற காரியமா?

கடவுச்சொல்லைத் துண்டுச் சீட்டில் எழுதி, முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினாள். "இந்தா. மனப்பாடம் பண்ணித் தொலைக்காதே."

அவள் ஆறாவதை எழுப்பிக்கொண்டிருக்கையில் பெங் எழுந்து நின்றான். "மிச்சம் முப்பத்திநாலும் முடிஞ்சுதுக்கா."

"எப்படிடா?"

"எல்லாத்தையும் ஒரே அடியா எழுப்பற மாதிரி ஒரு நிரல். வேலைக்கு வந்த வருஷமே எழுதினேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொன்னேனே. ஓட்டிப் பாக்கத்தான் நீங்க விடலை."

பத்து மணிக்கு மாணவர்கள் உட்கார்ந்தார்கள். தேர்வு நடந்த இரண்டு மணி நேரமும் ஃபான் அக்கா பெங் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அவ்வளவு வெட்கம்.