காளானின் அடிப்பக்கம்

பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தபோது அவருக்கு ‘வாயத் தொறங்க அக்கா’ என்று பெயர். வேலைக்காலம் முழுவதும் ஊராரின் சொத்தைப் பற்களுக்கு விளக்குப் பிடித்தவர். ஓய்வுபெறும்போது ஒரு சின்னக் கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். கம்பி முனையில் காசளவு வட்டமாக, வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, அது.

மழை பெய்த மறுநாள், ஊருக்கு வெளியே காட்டுப் பாதையில் அதற்கு வேலை வரும். காளானைப் பறித்துத் திருப்பிப் பார்க்க அவருக்கு மனம் வராது. குப்புறப் படுத்து, கண்ணாடியைக் காளான் குடைக்கு அடியில் நுழைத்து மடிப்புகளைப் பார்ப்பார். மருத்துவமனையில் பார்த்ததையெல்லாம் பிடுங்கவோ அடைக்கவோ வேண்டியிருந்தது. இங்கே பார்ப்பதோடு சரி.

ஒருநாள் பட்டமரத்தடியில் ஒரு நீலக் காளான். அடிமடிப்பு இளஞ்சிவப்பு. மூச்சுப் பட்டால் ஆடுமென்று அசையாமல் கிடந்தார். அவ்வழியே ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒருவர், யாரோ மயங்கிக் கிடக்கிறார் என்று ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார்.

வீட்டில் மகன் கொதித்தான்.

“இனிமே அந்தப் பக்கம் போக மாட்டேன்னு சொல்லு.”

“சொல்ல மாட்டேன்.”

“ஸ்ட்ரெச்சரோட வந்திருக்காங்கம்மா!”

“நான் நடந்துதான் வந்தேன். ஸ்ட்ரெச்சர்ல என் பைதான் படுத்துட்டு வந்துச்சு.”

மருமகள் சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள்.

“பார்க்ல போய் நடயேன்.”

“பார்க்குல தெனம் பெருக்கித் தள்ளுறாங்க. ஒரு இலைய மக்க விடுறதில்ல. அங்க என்ன மொளைக்கும்? பெஞ்சுல உன்ன மாதிரி நாலு பேருதான் மொளைச்சிருப்பாங்க.”

அவன் அவருடைய காலணிகளை எடுத்துப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினான்.

அவனுடைய பயம் பொய்யல்ல. அவரும் வீராங்கனை அல்ல. முட்டியில் தைலத்தைத் தடவிக்கொண்டே வலியே இல்லையென்று சாதிப்பவர். ஆனால் ஒருவர் எதைக் கண்டு வியக்கலாம் என்பதை, அக்கறையின் பேரில்கூட, இன்னொருவர் முடிவுசெய்ய முடியாது. இந்த ஒரு விஷயத்தில் நியாயம் அவர் பக்கம்தான்.

அடுத்த மழை ஓய்ந்த காலையில், மகனின் ஆபீஸ் ஷூவுக்குள் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவன் ரப்பர் செருப்போடு பின்னால் ஓடினான். பாதை திரும்பும் இடத்தில் அவர் குப்புறக் கிடந்தார்.

“அம்மா!”

“அப்படியே நில்லு. காலைக் கீழ வச்சிடாதே, அங்க ஒண்ணு இருக்கு.”

தூக்கிய காலோடு அவன் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டான். அவர் அவசரப்படவில்லை. பார்த்து முடித்து, முட்டி போட்டு எழ முயன்றபோது முகம் சுளித்தது.

“கை குடுக்கட்டா?”

“கேட்டேனா?”

தரையில் கையூன்றி எழுந்தார். மண்ணைத் தட்டிக்கொண்டு, வீட்டுக்கு எதிர்த்திசையில், காட்டுக்குள் நடந்தார். எங்கே காலை வைப்பதென்று தெரியாமல் மகன் நின்றுகொண்டிருந்தான்.