வணக்கம் வந்தது, பெயர் வரவில்லை

ஜெயலக்ஷ்மி எதையும் சட்டென்று நம்பமாட்டாள். பெங்களூர் அடுகோடியில் அவள் சேர்ந்த கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் சில மாதங்களிலேயே சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டு போனது. இனி யாரையும் நம்பிப் பயனில்லை, வெப் புரோகிராமிங்கைத் தானே படித்துக்கொள்வது என்று முடிவெடுத்தாள். பகலில் ஒரு லேத் பட்டறை ஆபீசில் டைப்பிங். சாயங்காலம் டொமினிக்கின் பிரவுசிங் சென்டர்.

புத்தகம் வாங்க அவென்யூ ரோட்டுக்குப் போனாள். பழைய புத்தகக் கடைக்காரர் தலையணை போல ஒன்றை நீட்டினார். ஒரே வாரத்தில் நிபுணராகலாம் என்றது அட்டை. ஒரு வாரத்தில் தோசைகூட ஒழுங்காக வார்க்க வராதே! திருப்பிக் கொடுத்துவிட்டாள். பீற்றிக்கொள்ளாத ஒரு ஒல்லியான பி.எச்.பி மொழிப் புத்தகத்தை, நின்றபடியே பாதி புரட்டிப் பார்த்த பிறகுதான் வாங்கினாள். அச்சான வருடத்தை மட்டும் பார்க்கவில்லை.

முதல் பாடத்தில், பெயரை எழுதிப் பட்டனை அழுத்தினால் அடுத்த பக்கம் பெயர் சொல்லி வணக்கம் வைக்க வேண்டும். வணக்கம் வந்தது, பெயர் வரவில்லை. எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். தப்பே இல்லை. சந்தேகம் டொமினிக் மேல் திரும்பியது. அந்த மெஷினில் பி.எச்.பி போட்டுக் கொடுத்தது அவன்தான். மணிக்கணக்குப் பார்த்துக் காசு வாங்குகிறவன். இவள் சீக்கிரம் கற்றுக்கொண்டால் நஷ்டம் அவனுக்குத்தானே?

"இதுல என்னமோ பண்ணி வெச்சிருக்கீங்க, டொமினிக்."

"ஐயோ மேடம், நான் யாக்கே, எதுக்கு அப்படிப் பண்றேன்?" என்றான் அவன், பாதி கன்னடத்தில். "புதுசா வந்ததைத்தான் போட்டிருக்கேன். சும்னே அந்த புக்கையே கட்டிட்டு அழாதீங்க. நெட்ல ஃப்ரீயாவே பாடம் இருக்கு."

"ஃப்ரீயா எவன் சொல்லித் தருவான்? வைரஸ்தான் வரும்."

ஆனாலும் அவன் டீக்குப் போன நேரத்தில் நெட்டில் அப்படியொரு இலவசப் பாடத்தைத் தேடித் திறந்தாள். பாடத்துக்குக் கீழே வாசகர்கள் எழுதியிருந்தார்கள். யாரோ ஒருவருக்கும் இதே தொல்லை. இன்னொருவர் பதில் சொல்லியிருந்தார்: புத்தகம் பழசு. வெளியிலிருந்து வரும் எதையும் புதிய பி.எச்.பி தானாக உள்ளே விடாது. நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஜெயலக்ஷ்மிக்கு அந்த மொழியை முதல்முறையாகப் பிடித்துப்போனது. ஒரு வரியை மாற்றினாள். திரையில் அவள் பெயர் வந்தது.

திரும்பி வந்த டொமினிக்கிடம், "உங்க மேல தப்பு இல்ல," என்றாள்.

"அப்பாடா! இதையாவது நம்புனீங்களே," என்று சிரித்தான்.

அடுத்த வருடம் பட்டறைக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தாள். அதைப் பார்த்து கோரமங்களா கம்பெனி ஒன்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது. முந்தின நாளே பஸ் ஏறிப் போய், அப்படியொரு கம்பெனி நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டில் சொன்னாள்.