நெற்றியில் விழுந்த முடி

ஆம்புலன்ஸ் குலுங்கும்போதெல்லாம் ஒரு கற்றை முடி சிஸ்டரின் கண்ணுக்குக் குறுக்கே விழுந்து ஆடியது. அவர் அதை ஒதுக்கவில்லை. ஒதுக்கக் கை ஏது? இரண்டு கைகளும் என் தொடைக் காயத்தில் இருந்தன. அந்தப் பயணத்தில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பது அந்த முடிதான்.

கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. கொசு கடித்தாலே ஊரைக் கூட்டுகிற ஆள் நான். அன்று காலை கிரேனிலிருந்து நழுவிய தகடு தொடையின் மேல்பக்கத்தை, இடுப்பு மடிப்புக்கு அருகே, கிழித்துவிட்டுப் போனபோது சத்தமே வரவில்லை. எங்கள் ஃபோர்மேன் ஊத்துக்கோட்டைக்காரர். ஓடிவந்து துண்டை வைத்து அமுக்கினார். தங்கமான மனுஷர், ஆனால் மனசு கேட்காது. "நின்னுச்சா பாக்கலாம் நைனா" என்று துண்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். தூக்கும்போதெல்லாம் ரத்தம் பீறிட்டது. போதாததற்கு, கேன்டீனிலிருந்து காபித்தூள் கொண்டுவந்து கொட்டினார்கள். எங்கள் பக்கத்தில் வெட்டுப்பட்டால் முதலில் தேடுவது அதைத்தான்.

"இன்னாய்யா, காயத்துல டிகாஷன் போட்டு எட்த்தாந்துகிறீங்க?" பக்கத்து ஆஸ்பத்திரியில் சிஸ்டரின் முதல் வார்த்தை அதுதான். அங்கேயும் துண்டைத் தூக்கிப் பார்த்த ஃபோர்மேனை அதட்டிக்கொண்டே தூளைத் துடைத்தார். மருத்துவத் துணியைக் காயத்தின் ஆழம் வரை திணித்துக்கொண்டே போனார். வெட்டு கொஞ்சம் கீழே விழுந்திருந்தால் அதற்கு மேலே இறுக்கிக் கட்டியிருக்கலாமாம். இது கட்டுப் போட இடமில்லாத இடம். அறுந்த ரத்தக் குழாயைத் தைக்கச் சென்னைக்குத்தான் போகவேண்டும் என்றார் டாக்டர். சிஸ்டர் முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தையெல்லாம் கைகளில் இறக்கி அமுக்கியபடி ஸ்ட்ரெச்சரோடு நடந்தார். அப்படியே வண்டியிலும் ஏறினார்.

"கொஞ்ச நேரம் நான் புடிக்கிறேன் சிஸ்டர்" என்றார் கூடவே ஏறியிருந்த ஃபோர்மேன்.

"கைய எட்த்தா ஆளு போய்டுவாரு. நீங்க மறுபடியும் தூக்கிப் பாப்பீங்க."

போய்விடக்கூடிய அந்த ஆள் நான்தான் என்பது மெல்லத்தான் உறைத்தது. கண் சொருகியது. "கண்ண மூடாத அண்ணே. ஊட்ல இன்னா கொழம்பு, சொல்லு" என்றார். மீன் குழம்பு என்றேன். அப்பால இன்னா போடுவாங்க, புளி எவ்ளோ, மாங்கா உண்டா என்று விடாமல் கேட்டார். லாரிகள் மறிக்கும் சாலையில், சாகக் கிடப்பவனிடம் ஒரு பெண் சமையல் குறிப்பு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வேர்வை என் சட்டையில் சொட்டியது. முடி ஆடியது. கைகள் மட்டும் அசையவில்லை. ஆபரேஷன் தியேட்டரில் இன்னொருவர் கை வைத்த பிறகே எடுத்தாராம். விரல்களை நிமிர்த்தவே முடியவில்லையாம். மனுஷக் கைக்கு இவ்வளவு முடியுமா என்று பிறகு என் கைகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். அதே ஆஸ்பத்திரிக்கு அவளை அழைத்துக்கொண்டு நடந்தே போனேன், சொந்தக் காலில். சிஸ்டர் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னேன்.

"மொகம் ஞாபகம் இல்லண்ணே. அன்னிக்கு நான் காயத்தத்தான் பாத்துகினு இருந்தேன்." ஊசியோடு திரும்பியவர் சட்டென்று சிரித்தார். "மீன் கொழம்பு அண்ணனா? அதுல புளி ஜாஸ்தி ஆச்சே!"

சிரித்தபோது முடிக்கற்றை நெற்றியில் விழுந்தது. அதை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, என் மகளின் கையைப் பிடித்தார்.